அப்பா பையைப் பார்த்துப் பயந்து சாப்பிடவே மாட்டேன் என்கிறார்

அம்மாபேட்டை_தறி:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மலக்குடலில் கட்டி, ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். உள்ளே போட்ட தையல் ஆறும்வரை என்று சொல்லி, வலது பக்கம் சிறுகுடலை வெளியே எடுத்துப் பை வைத்திருக்கிறார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது, சாப்பாடுதான் தகராறு. சாப்பிட்டால்தானே பை நிறைகிறது என்று காலையில் இரண்டு இட்லி, ராத்திரி அரை டம்ளர் கஞ்சி, அவ்வளவுதான். தண்ணீரும் வேண்டாம் என்றார். நாங்கள் சத்தம் போட்டதும் வீம்புக்கு மூன்று நான்கு லிட்டர் வெறும் தண்ணீராகக் குடிக்கிறார், அப்படியும் நாக்கு வறண்டு கிடக்கிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, எழுந்தால் கிறுகிறுக்கிறது. பையில் வருவதும் தண்ணீர் மாதிரிதான். அம்மா தினமும் இரண்டு இளநீர் கொடுக்கிறார். சேலத்து வெயில் வேறு. டிஸ்சார்ஜ் தாளில் 'மென்மையான உணவு' என்று ஒரே ஒரு வரி. வீட்டில் சமைப்பதில் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஏற்காட்டு_அக்கா:
தம்பி, நாக்கு வறட்சி, கால் இழுப்பு, கிறுகிறுப்பு மூன்றும் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் இன்றைக்கே பார்க்க வேண்டும். மீதியை அப்புறம் படியுங்கள்.

எனக்கும் அப்பாவைப் போலச் சிறுகுடலை வெளியே எடுத்து வைத்த பை, இலியாஸ்டமிதான், நிரந்தரம், ஐந்து வருடமாகிறது. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சுகிற பெருங்குடல் இப்போது வழியில் இல்லை, அதனால் பையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால், சிறுகுடல் உடம்பிலிருக்கிற உப்பை எடுத்து அதில் கலந்து வெளியே தள்ளிவிடும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான். முதல் மாதம் நானும் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு, கடைசியில் மலையிலிருந்து இறங்கி இரண்டு நாள் ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டு வந்தேன்.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ் பொடி கேளுங்கள், 20.5 கிராம் பாக்கெட், ஒரு லிட்டருக்கு ஒன்று. அட்டை டப்பாவில் பழ ருசியோடு வருகிற சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். பொடி கிடைக்காத அன்று, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மடமடவென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் ரொம்பக் குறைவு, எனவே அதை நம்பி இருக்க முடியாது. அம்மா ஆசைக்கு ஒன்று, உப்பு போட்டு. வழுக்கையை அம்மாவே சாப்பிடட்டும். உப்பு மோர் நல்லது. ஆனால் அப்பாவுக்கு பிரஷர், இதயம், கிட்னி ஏதாவது இருந்தால் உப்பை டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

பட்டினி கிடந்தால் பை காயும் என்பது பொய். காலி வயிற்றில் காற்றும் தண்ணீருமாக வந்து பை பலூன் மாதிரி உப்பும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக: குழைந்த சாதம் தயிரோடு, இட்லி, இடியாப்பம், தோல் சீவி மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை, முள்ளெடுத்த மீன். அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சி. சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசிக்கு அலைய வேண்டியதில்லை. சர்க்கரை, பால் இல்லாமல் உப்பும் மோரும் விட்டுக் கொடுங்கள், பையில் வருவது கெட்டிப்படும்.

தேங்காய்த் துருவல், வேர்க்கடலை, மக்காச்சோளம், காளான், கீரைத்தண்டு, பச்சைக் காய்கறி இப்போதைக்குக் கிட்டவே வேண்டாம். பழகிய பிறகும் மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். நான் ஒரு தடவை எஸ்டேட்டில் பறித்த ஆரஞ்சை, வெள்ளைத் தோலை உரிக்காமல் பேச்சுவாக்கில் நாலைந்து சுளை உள்ளே தள்ளிவிட்டேன். ஆறு மணி நேரம் பையில் ஒன்றும் வரவில்லை, ஸ்டோமா, அதாவது வயிற்றுக்கு வெளியே தெரிகிற குடல் வாய், வீங்கிவிட்டது, வயிறு முறுக்கி வாந்தி வேறு. அப்படி ஆனால் பேதி மாத்திரை எதுவும் கொடுத்துவிடாதீர்கள், நேராக எமர்ஜென்சி.

இடதுபக்கப்_பை:
எனக்குக் கொலாஸ்டமி, பெருங்குடலை வெளியே எடுத்து வைத்த பை. அக்கா சொன்னது எனக்குப் பொருந்தாது, எனக்கு மலச்சிக்கல்தான் தொல்லை, கீரையும் தண்ணீரும் நிறைய வேண்டும். இங்கே 'பை வைத்தவர்' என்று பொதுவாக யார் சொன்னாலும் எந்தப் பை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கூத்து. ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் கழித்து, சட்னியும் காய்த் துருவலும் வைத்த நம்மூர்த் தட்டு வடை செட் சாப்பிட்டேன். மறுநாள் பையில் ரத்தச் சிவப்பு. மனைவி அழுது, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனால் அவர் கேட்ட முதல் கேள்வி, 'பீட்ரூட் சாப்பிட்டீங்களா?' அதற்காக எல்லாச் சிவப்பையும் பீட்ரூட் என்று விட்டுவிடாதீர்கள்.

வார்டு_சிஸ்டர்:
ரிட்டயர்டு நர்ஸ் நான். பையைக் காலி செய்யும்போது ஒரு அளவுக் குவளையில் அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் டாக்டருக்குச் சொல்லுங்கள். மாத்திரை முழுசாகப் பையில் விழுகிறதா என்றும் பாருங்கள், மெதுவாகக் கரைகிற வகை மாத்திரைகள் இலியாஸ்டமியில் அப்படியே வெளியே வந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்தால் நடுராத்திரியில் எழுந்திருப்பது குறையும்.

அம்மாபேட்டை_தறி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, அன்றைக்கே அழைத்துப் போனோம். சோடியம் குறைந்திருந்தது, மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட, பையில் போவதைக் குறைக்கிற லோபரமைடு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஜவ்வரிசிக் கஞ்சியை முதலில் முகம் சுளித்துக் குடித்தார், இப்போது மோர் மிளகாயைக் காட்டிக் கேட்கிறார், அம்மா கொடுக்கவில்லை. தறிக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மில்லிக் கணக்கை அவரே எழுதுகிறார். நேற்று 900. தட்டு வடை எப்போது சாப்பிடலாம் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

ஏற்காட்டு_அக்கா:
ஆறேழு வாரம் போகட்டும், டாக்டரும் சரி என்று சொல்லட்டும். முதலில் ஒரே ஒரு வடை, துருவல் இல்லாமல், சட்னி மட்டும் தடவி. பத்து நிமிஷம் மெல்லச் சொல்லுங்கள்.