திருவொற்றியூரில் மைனஸ் 40 டிகிரி: யூரியா டேங்க் சென்சாரை நாமே சரிசெய்ய முடியுமா?

திருவொற்றியூர் டீசல்காரன்

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது ஏழு இருக்கை டீசல் வண்டி, 2021 மாடல், பிஎஸ்6 மாசு விதிப்படி வந்தது. வாரண்டி முடிந்துவிட்டது. போன வாரம் எஞ்சின் விளக்கு எரிந்தது. அடுத்து "எஸ்சிஆர் அமைப்பில் கோளாறு, 750 கி.மீ.க்குப் பிறகு எஞ்சின் கிளம்பாது" என்று திரையில் வந்தது. எஸ்சிஆர் என்பது யூரியாத் திரவத்தைக் கொண்டு புகையைச் சுத்தப்படுத்தும் அமைப்பு. ஓட ஓட அந்த எண் குறைந்துகொண்டே வருகிறது.

சர்வீஸ் சென்டரில் கேட்டால், சென்சார் தனியாக வராது, டேங்க் மாட்யூல் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று அறுபதாயிரத்தைத் தாண்டி ஒரு தொகை சொல்கிறார்கள். கருவியை மாட்டிப் பிழைக் குறியீட்டை (கோடு) பார்த்ததோடு சரி, வண்டிக்கு அடியில் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என்னிடம் வண்டியின் கணினியைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று இருக்கிறது. அது காட்டும் கோடு பி205டி. யூரியா டேங்கின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்கிறது. வெளியே தார் உருகுகிற வெயில்! மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஸ்பேனர் செட் இருக்கிறது, மணலியில் மைத்துனரின் ஷெட்டில் இடமும் கிடைக்கும். மாட்யூலை வாங்குவதற்கு முன்பு நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?

பெரம்பூர் 7

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? மென்பொருளில் அந்த யூரியா அமைப்பையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. யூரியா ஊற்றும் செலவும் மிச்சம்.

ராயபுரம் பட்டறை

பெரம்பூர் தம்பி, அந்த யோசனையை இங்கே விற்க வேண்டாம். மாசு அளவை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் முடங்கும். அதை விடுங்கள். புகையில் போகிற நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றத்தான் அந்த யூரியா. மணலி, எண்ணூர்க் காற்று ஏற்கெனவே இருக்கிற நிலைமையில் நாம் வேறு அதில் சேர்க்க வேண்டுமா?

திருவொற்றியூர் சார், உங்களிடம் சில கேள்விகள். யூரியா மட்டம் சரியாகக் காட்டுகிறதா? மைனஸ் 40 அசையாமல் நிற்கிறதா, குதிக்கிறதா? டேங்கிலிருந்து வரும் கனெக்டரில் எத்தனை வயர்? மழைத் தண்ணீரில் வண்டி இறங்கியதா? காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பு, சாவியை மட்டும் போட்டு, உள்ளிழுக்கும் காற்று, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), யூரியா டேங்க் மூன்றின் வெப்பநிலையையும் பார்த்துச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

திருவொற்றியூர் டீசல்காரன்

நன்றி சார். மட்டம் சரியாகக் காட்டுகிறது. காலையில் பார்த்தேன்: காற்று 29, கூலண்ட் 29, டேங்க் மைனஸ் 40. அசையவே இல்லை. பின் சக்கரத்துக்கு மேலே, உள்பக்கமாக ஒரு கனெக்டர் இருக்கிறது. அதில் ஆறு வயர், இரண்டு மட்டும் தடிமன். போன மழையில் எண்ணூர் விரைவுச் சாலையில் தேங்கிய தண்ணீரில் போக வேண்டியிருந்தது, ஆனால் உள்ளே எதுவும் நனையவில்லை. வேறு ஒன்று: டேங்க் இருக்கும் பக்கத்தில் அடித்தட்டின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது போல இருக்கிறது. கடற்கரை உப்பு என்று நினைத்தேன்.

ராயபுரம் பட்டறை

கடல் உப்பு இரும்பைத் துருவாக்கும், இப்படி மாவு போலக் குவிந்து நிற்காது. அது யூரியா. எங்கேயோ கசிந்து, தண்ணீர் ஆவியாகி, படிகம் மட்டும் தங்கியிருக்கிறது. இதைச் சொன்னதும் எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. ஆனாலும் அளந்து பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

முதலில் அந்த மைனஸ் 40 பற்றி. டேங்குக்குள் இருப்பது வெப்பத்தால் மின்தடை மாறும் சிறு மணி, தெர்மிஸ்டர். சூடு ஏற ஏறத் தடை குறையும். இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, 5 வோல்ட் கொடுத்து, திரும்பி வரும் மின்னழுத்தத்தை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் தடை அளவில்லாமல் போய்விடும், மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும், இசியூ அதைத் தன் அட்டவணையின் கடைசி வரியான மைனஸ் 40 என்று படிக்கும். பி205டி என்பதும் அதே செய்திதான்: மின்னழுத்தம் அளவுக்கு மேல். பி205சி வந்திருந்தால் எதிர்த்திசையில், வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது என்று தேடச் சொல்லியிருப்பேன். உங்கள் சுற்றில் எங்கோ ஒரு வெட்டு இருக்கிறது. சென்சார் செத்திருக்கலாம். வயரோ பின்னோ போயிருக்கலாம். அறுபதாயிரம் ரூபாய் கேள்வி அதுதான்.

சக்கரத்துக்கு மேலே உள்ள கனெக்டரைக் கழற்றுங்கள். தடித்த இரண்டு வயர்களும் ஹீட்டருக்குப் போகிறவை, அவற்றை மறந்துவிடுங்கள். இந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும் என்பதால் குளிர் நாடுகளுக்காக வைத்த ஏற்பாடு, சென்னையில் அதற்கு வேலையே வராது. மெல்லிய வயர்களில் எது வெப்பநிலைக்கானது என்பதை வயரிங் படத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊகத்தில் தொடாதீர்கள்.

சாவி போட்ட நிலையில், இசியூ பக்கத்து முனையில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அளவு மைனஸ் 40ஐ விட்டு மேலே எழுந்து வந்தால் இசியூவும் அதுவரைக்குமான வயரும் நலம். என்ன எண் காட்டுகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், எழுந்து வருகிறதா என்பதுதான் கணக்கு. பிறகு சாவியை எடுத்துவிட்டு, டேங்க் பக்கத்து முனையில் மல்டிமீட்டரால் தடையை அளந்து எழுதுங்கள்.

வயரின் மேல் உறையைக் குத்தி அளக்க வேண்டாம். நம் பகுதிக் காற்றில் அந்த ஊசித் துளை வழியே ஈரம் ஏறி, அடுத்த மழைக்குள் செம்பு பச்சையாகிவிடும். கனெக்டரின் பின்புறமிருந்து மெல்லிய முனையைச் செருகி அளக்க வேண்டும்.

சுற்றும் மின்சுற்றும்

பட்டறை அண்ணா சொன்ன முறை சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு வேறு வண்டியில் செய்ய இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் தெர்மிஸ்டர் வயர் தனியாக வருவதில்லை. சிலவற்றில் மட்டம், தரம், வெப்பநிலை மூன்றையும் டேங்குக்குள் இருக்கும் ஒரு சிறு பலகையே சேர்த்து டிஜிட்டல் செய்தியாக அனுப்பும். அங்கே ரெசிஸ்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பலகைக்குச் சேதம் வரலாம். வெப்பநிலைக்கென்று இரண்டு வயர் தனியாக இருப்பதைப் படத்தில் பார்த்த பிறகே தொடுங்கள்.

திருவொற்றியூர் டீசல்காரன்

படத்தில் பார்த்தேன், தனி வயர்தான். 5 வோல்ட் வந்தது. ரெசிஸ்டரை வைத்ததும் 26 டிகிரி என்று காட்டியது, நிம்மதியாக இருந்தது. டேங்க் பக்கம் அளந்தால் மீட்டர் அசையவில்லை, முழு வெட்டு. அப்படியென்றால் சென்சார்தான் போய்விட்டதா?

ராயபுரம் பட்டறை

அவசரப்படாதீர்கள். நீங்கள் அளந்த இடத்துக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு முழம் வயரும், டேங்கின் தலையில் இன்னொரு கனெக்டரும் இருக்கின்றன. டேங்கை இறக்காமல் அதைப் பார்க்க முடியாது.

இறக்குவதற்கு முன்பு இரண்டு விஷயம். சாவியை அணைத்த பிறகும் பம்ப் சிறிது நேரம் ஓடி, குழாயில் நிற்கும் திரவத்தை டேங்குக்கு இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் பேட்டரி முனையைக் கழற்ற வேண்டும். அடுத்தது, வண்டியோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். சிமெண்ட் தரையில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஆட்டிப் பார்த்த பிறகு போங்கள். திரவம் லிட்டருக்கு 1.09 கிலோ, பதினைந்து லிட்டர் இருந்தால் பதினாறு கிலோவுக்கு மேல். முதலில் வடித்துவிடுங்கள்.

மணலி கன்டெய்னர்

இருபது ஆண்டுகளாக லாரி வைத்திருக்கிறேன், பிஎஸ்6 வந்த பிறகு இந்த வெள்ளைப் பொடியோடுதான் குடித்தனம். வடிப்பது பற்றி நான் சொல்கிறேன். சுத்தமான பிளாஸ்டிக் கேனில் வடியுங்கள். பழைய ஆயில் டின், டீசல் புனல், பித்தளைக் குவளை எதுவும் ஆகாது. ஒரு சொட்டு டீசல் கலந்தாலும் மறுபடி ஊற்றாதீர்கள், சின்ன டேங்குக்காகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டையே இழக்க வேண்டி வரும். இந்தத் திரவம் செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அலுமினியத்தையும் விடாது. கனெக்டருக்குள் போனால் பின்னைத் தின்றுவிட்டு, வயரின் உள்ளே இழைகளுக்கு நடுவே மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஒரு லாரியில் டேங்கில் தொடங்கியது, அடுத்த கனெக்டரில் போய் முளைத்திருந்தது.

படிகத்தைச் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் தானாகக் கரைந்துவிடும். குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு தனியாகப் படியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இங்கே நிறையப் பேர் கேட்கிறார்கள். மணலியில் உரத் தொழிற்சாலையே இருக்கிறது, யூரியா மூட்டையை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் என்ன என்று. வயலுக்குப் போகிற யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. அதை வண்டியில் ஊற்றினால் கதை முடிந்தது. ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்ட, 32.5 சதவீத யூரியா உள்ள கேனை மட்டும் வாங்குங்கள். அதையும் டிக்கியில் வைத்து வெயிலில் வேகவிடாதீர்கள். 25 டிகிரியில் பதினெட்டு மாதம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும்.

திருவொற்றியூர் டீசல்காரன்

டேங்கை இறக்கியாகிவிட்டது. மைத்துனர் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம்.

தலைக் கனெக்டரைக் கழற்றியதும் உள்ளிருந்து வெள்ளைக் கட்டி ஒன்று கற்கண்டு போல உதிர்ந்தது. கரைத்துக் கழுவி, காற்றடித்து, டார்ச் வைத்துப் பார்த்தேன். வயர் பக்கத்தில் நான்காவது முனை பச்சை பூத்து, உள்ளே இருக்க வேண்டிய பித்தளை நாக்கு இல்லவே இல்லை. ஊசியால் தொட்டதும் எஞ்சியிருந்ததும் பொடியாக வந்தது. பக்கத்து முனைகள் பளபளப்பாகவே இருக்கின்றன. மட்டம் ஏன் சரியாகக் காட்டியது என்பது அப்போதுதான் புரிந்தது.

மாட்யூலின் பின்களில் நேராக அளந்தேன். சுமார் 2 கிலோ ஓம். வெயிலில் வைத்துவிட்டு மதியம் அளந்தபோது குறைந்திருந்தது. சென்சார் உயிரோடு இருக்கிறது!

கசிவும் கிடைத்தது. டேங்கின் மூச்சுக் குழாய், வளையும் இடத்தில் மயிரிழை அளவுக்கு வெடித்திருக்கிறது. அங்கிருந்து சொட்டினால் நேரே கனெக்டரின் மேல்தான் விழும்.

ராயபுரம் பட்டறை

மாட்யூல் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும். முதலில் மூச்சுக் குழாயை மாற்றுங்கள். அதை விட்டுவிட்டு வயரை மட்டும் சரிசெய்தால் ஒரே மழைக்காலத்தில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

வயரை, உள்ளே செம்பு பளிச்சென்று சிவப்பாகத் தெரியும் வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். கறுப்பு, பச்சை எது தெரிந்தாலும் இன்னும் வெட்ட வேண்டும். பிறகு வயரோடு சேர்ந்த புதிய கனெக்டரை இணைத்து, கிரிம்ப் போட்டு (இடுக்கியால் நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயை ஒவ்வொரு வயருக்கும் தனித்தனியாகப் போட்டுச் சூடு காட்டுங்கள். வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக அமையட்டும். கனெக்டரின் ரப்பர் சீல் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை புதியவன்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அந்த மாதிரிக் கனெக்டர் எங்கே கிடைக்கும்? கம்பெனியில் முழு வயரிங்கையும் வாங்கச் சொல்கிறார்கள்.

ராயபுரம் பட்டறை

புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் வயரிங்கிலிருந்து ஒரு சாண் வயரோடு வெட்டித் தருவார்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் பின்களின் எண்ணிக்கை, பூட்டு நாக்கின் வடிவம் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். யூரியா டேங்கிலிருந்தே வெட்டியதாக இருந்தால் வேண்டாம், அதற்கும் இதே வியாதி இருக்கலாம். புதிதாக வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

திருவொற்றியூர் டீசல்காரன்

வேலை முடிந்தது. மூச்சுக் குழாய் புதிது, கனெக்டர் புதுப்பேட்டை. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. வடித்த யூரியாவில் ஷெட் தூசி விழுந்திருந்ததால் அதைக் கொட்டிவிட்டு புதுக் கேன் ஊற்றினேன்.

இன்று காலை காற்று 28, கூலண்ட் 28, டேங்க் 29. பிழைக் குறியீட்டை அழித்த பிறகும் கி.மீ. எண் உடனே போகவில்லை, மீஞ்சூர் வரை ஓட்டித் திரும்பும்போதுதான் திரையிலிருந்து மறைந்தது. எஞ்சின் விளக்கும் அணைந்துவிட்டது.

ஒரே ஒரு சந்தேகம்: ஹீட்டர் வயர்களின் முனையிலும் லேசாக வெள்ளை இருந்தது. கழுவிவிட்டேன், அளந்து பார்க்கவில்லை. அதையும் பார்க்க வேண்டுமா?

ராயபுரம் பட்டறை

இரண்டு முனைக்கும் நடுவே சில ஓம் காட்டினால் போதும். முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டர் அசையவே கூடாது. அசைந்தால் மறுபடி கழுவி, ஒரு நாள் காயவிட்டு அளந்து சொல்லுங்கள்.