அம்மாவின் கீழ்க் கட்டுப்பல் நிற்கவில்லை, இம்பிளான்ட் வைக்கலாமா?

மல்லாவி மகன்:
அம்மாவுக்கு 67 வயது. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லை. செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் வலித்த பல்லைப் பிடுங்குவதே வைத்தியமாக இருந்தது. மிச்சமும் பின்னர் ஒவ்வொன்றாக ஆடி விழுந்துவிட்டன. மேல் கட்டுப்பல் நன்றாக நிற்கிறது. கீழே போட்டது கதைக்கும்போதே கிளம்புகிறது. சாப்பிட உட்கார்ந்ததும் அதைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, சோற்றைக் குழைத்து விழுங்குகிறார். அவித்த பனங்கிழங்கென்றால் அவருக்கு உயிர். இப்போது நாங்கள் நார் உரித்து இடித்துக் கொடுத்தால்தான் உண்டு.

தனியார் நிலையம் ஒன்றில் கீழ்த்தாடைக்கு எட்டு இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் திருகுகள், வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்கு வயல் காணியில் பாதியை விற்க வேண்டும். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. இந்த வயதில் இது சரிவருமா?

கனகராயன் கரை:
முதலில் இருக்கிற கட்டுப்பல்லைக் காட்டுங்கள். முரசு தேயத் தேய அது தொளதொளத்துப் போகும். உட்புறத்தை மீண்டும் நிரப்பித் தருவார்கள். என் அப்பாவுக்கு அப்படிச் செய்தே சில வருடங்கள் ஓடின. கடைப் பசையை மட்டும் நம்பிக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

வவுனியா அக்கா:
தம்பி, காணியை விற்க வேண்டாம். வன்னிப் பாடசாலைகளில் பிள்ளைகளின் பற்களைப் பார்த்து ஓய்வுபெற்ற பற்சிகிச்சையாளர் நான். இம்பிளான்ட் வைப்பது என் வேலையாக இருந்ததில்லை. ஆனால் என் தமக்கைக்கு வைத்தபோது தொடக்கம் முதல் கூடவே இருந்தேன்.

மேல் கட்டுப்பல்லுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம். கீழே லாட வடிவ முரசு விளிம்பு மட்டும்தான். நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளும். பல் போன இடத்தில் எலும்பு தேய்ந்துகொண்டே போகும், கீழ்த்தாடையில் இன்னும் விரைவாக. அம்மா கழற்றி முடிந்து வைக்கிறார் என்று அவரை ஏசிவிடாதீர்கள், அவரில் பிழையில்லை.

எட்டுத்தான் வேண்டும் என்றில்லை. கீழ் வேட்டைப்பற்கள் இருந்த இரண்டு இடங்களில் மட்டும் டைட்டானியத் திருகுகளை வைத்து, அவற்றின் தலையில் கட்டுப்பல் டக்கென்று பூட்டும்படி செய்யலாம். 2002இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதல் தெரிவாக இதைத்தான் பரிந்துரைத்தார்கள். தாடையின் முன்பகுதியில் பெரும்பாலும் எலும்பும் மிஞ்சியிருக்கும். உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பும் அதற்குப் பின்னால்தான் வெளிவருகிறது.

திருகு வைத்தபின் வழக்கமாக மூன்று மாதமளவில் பொறுத்திருக்கச் சொல்வார்கள். நட்ட கதியாலை வேர் பிடிக்கும்வரை ஆட்டுவோமா? எலும்பு டைட்டானியத்தைப் பற்றிப் பிடிக்கவும் அந்த அவகாசம் வேண்டும். சுவீடனைச் சேர்ந்த வைத்தியர் பிரானெமார்க் 1965இல் ஒருவருக்கு வைத்த திருகுகள், அந்த மனிதர் இறக்கும்வரை, நாற்பது வருடத்துக்கு மேல் தாடையில் நின்றன.

வயது தடையல்ல. சீனியைத்தான் பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் அளவு போதாது. மூன்று மாத நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையைச் செய்வியுங்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு குளிசை போடுகிறார் என்றால் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெற்றிலை போடுவாரா?

மல்லாவி மகன்:
போடுவார் அக்கா, புகையிலையோடு. இரண்டு திருகு என்றால் தம்பியும் நானும் சமாளிப்போம். பிறகும் செலவு வருமா?

வவுனியா அக்கா:
வரும். பூட்டுக்குள் இருக்கும் நைலோன் வளையம் தேயும். இடையிடையே மாற்ற வேண்டும். அதனால் திருகின் தயாரிப்பையும் அளவையும் எழுதி வாங்குங்கள். நிலையத்தை மூடினாலும் இன்னொருவர் பொருத்தமான பாகத்தைத் தேட அது உதவும். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். திருகின் தலையைச் சுற்றித் தினமும் மெல்லிய பிரஷால் துலக்க வேண்டும். அழுக்குப் படிந்து முரசு வீங்கினால், வலியே இல்லாமல் உள்ளே எலும்பு கரைந்துவிடும்.

புகையிலை என்றதும்தான் வாய்ப் புற்றுநோயை நினைத்து எனக்கு மனம் பதறுகிறது, தம்பி. அம்மாவை வெளிச்சத்தில் இருத்தி, கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் கட்டுப்பல் படும் இடத்தையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் எதைக் கண்டாலும் பொறுத்திருக்க வேண்டாம். ஒன்றும் தெரியாவிட்டாலும் இந்தக் கிழமையே அரச வைத்தியசாலைப் பல் பிரிவில் வாயைக் காட்டுங்கள், காசு கேட்கமாட்டார்கள். இம்பிளான்டுக்கு முற்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.