சந்தா கட்டி ஃபிட்னஸ் டிராக்கர் வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. அரை மாரத்தானுக்குத் தயாராகி வருகிறேன். கையில் இருப்பது சாதாரண ஜிபிஎஸ் வாட்ச். கூட ஓடுகிறவர்கள் பலர், சந்தா கட்டிப் பயன்படுத்தும் வூப் என்ற டிராக்கர் பட்டைக்கு மாறிவிட்டார்கள். அதில் திரையே கிடையாது. சந்தா நின்றால் கையில் மிஞ்சுவது வெறும் பட்டை. விரலில் போடும் டிராக்கரான ஔரா மோதிரமாவது சந்தா இல்லாமலும் தூக்கம், உடல் தயார்நிலை போன்ற அடிப்படை மதிப்பெண்களைக் காட்டும்.

தூக்கத்தில் அளக்கும் இதயத்துடிப்பு மாறுபாடு (எச்ஆர்வி), அதாவது ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பது, இதை வைத்துத்தான் உடம்பு தேறிவிட்டதா என்று இவை பெரும்பாலும் கணிக்கின்றன. அதைப் பல கார்மின் வாட்ச்களே சந்தா இல்லாமல் தருகின்றனவே! வேக ஓட்டத்தில் மணிக்கட்டு சென்சாரை நம்பவும் முடிவதில்லை. என்னுடையது காலடி வேகத்தையே துடிப்பாக எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடும்போதும் 170 காட்டும். அதற்கு மார்புப் பட்டைதான் சரி என்று நினைக்கிறேன்.

சந்தா கட்டி ஒரு வருடமாவது பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: உடம்பு எவ்வளவு தேறியது என்று காட்டும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயிற்சியை உண்மையிலேயே மாற்றினீர்களா, இல்லை பார்த்துவிட்டு வழக்கம்போல ஓடப் போனீர்களா? உடம்பு தேறவில்லை என்று சிவப்பு காட்டிய நாளில் கோச் ஓடச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பீர்கள்? அப்புறம், சந்தாவை நிறுத்தியவர்கள் பழைய தரவை முழுதாகத் தரவிறக்க முடிந்ததா?

விற்பனை லிங்க் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.