கிரெனடா ஏரிக் கிராப்பிப் போட்டி: பல கோல்களா, ஒற்றைக் கோலும் சோனாருமா?

மெம்ஃபிஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக அமெரிக்காவின் வடக்கு மிசிசிப்பி ஏரிகளில் பொழுதுபோக்காகக் கிராப்பி என்னும் நன்னீர் மீனைப் பிடித்து வரும் நான், வரும் மார்ச் மாதம் கிரெனடா ஏரியில் நடைபெறவுள்ள இருவர் குழுப் போட்டியில் என் அலுவலக நண்பருடன் சேர்ந்து கலந்துகொள்ள இருக்கிறேன். ஒரு குழு அதிகபட்சம் ஏழு மீன்களை மட்டுமே எடை மேடைக்குக் கொண்டுவரலாம். அவற்றின் மொத்த எடையே வெற்றியைத் தீர்மானிக்கும். எங்கள் படகின் முன்புறத்தில் வரிசையாகத் தூண்டில் கோல்களைப் பொருத்தி மெதுவாக நகர்ந்து செல்லும் ஸ்பைடர் ரிக்கிங் முறையே எங்களுக்குப் பழக்கம். ஆனால் போட்டிக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது நீருக்கடியில் நிற்கும் மீனை ஒலியலையால் திரையில் காட்டும் லைவ்ஸ்கோப் போன்ற சோனார் கருவியைப் பார்த்துக்கொண்டு ஒரே கோலால் மீன் பிடிக்கிறார்கள். பெருஞ்செலவு செய்து நாங்களும் அதற்கு மாற வேண்டுமா?

இன்னொரு வருத்தமும் உண்டு. சென்ற ஜூன் மாதம் வேறோர் ஏரியில் நடந்த சிறிய போட்டியில், 25 அடி ஆழத்தில் பிடித்த எங்கள் மீன்களில் இரண்டு படகுத் தொட்டியிலேயே இறந்துவிட்டதால், எடை கழிக்கப்பட்டுப் பரிசை இழந்தோம். அதை எவ்வாறு தவிர்ப்பது என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஸ்குனாகரை எழுதியது:

ஏழு மீன் என்ற விதியிலிருந்தே உங்கள் திட்டம் தொடங்க வேண்டும். வீட்டுச் சமையலுக்கு மீன் பிடிப்பவருக்கு முக்கால் பவுண்டு கிராப்பி 20 கிடைத்தால் அது நல்ல நாள். கிரெனடாவிலோ இரண்டு பவுண்டுக்குக் குறைந்த மீன் தொட்டியில் இடம் அடைத்துக்கொண்டிருக்கும் வரை நீங்கள் முன்னணியில் இருப்பதாக எண்ண முடியாது. பக்கத்திலுள்ள எனிட் ஏரியில்தான் 1957-இல் 5 பவுண்டு 3 அவுன்ஸ் எடையுள்ள வெள்ளைக் கிராப்பி பிடிபட்டு, உலகச் சாதனையாகப் பதிவானது என்பதை நினைவில் கொண்டால், இந்தப் பகுதி மீன்களின் வளர்ச்சி விளங்கும்.

சோனாரின் பயன் இங்கேதான் இருக்கிறது. பெரிய கிராப்பி பல நேரங்களில் கூட்டத்தைவிட்டு விலகி, நீரில் மூழ்கிய ஓர் அடிமரத்தின் அருகே தனியாக நிற்கும். திரையில் அதைக் கண்டறிந்து, அதன் தலைக்குச் சற்று மேலே ஜிக்கை (ஈயத்தலை கொண்ட, இரை போன்ற தூண்டில் முள்) நிறுத்தினால் போதும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை எடுக்கும் மீன் என்பதால், கீழே இறங்கிவிட்ட இரையை அது பெரும்பாலும் பொருட்படுத்தாது. ஆயினும் திரையில் தெரியும் ஒளிப்புள்ளி கிராப்பியா கெண்டையா என்று பிரித்தறியவே ஒரு பருவம் பழக வேண்டும். போட்டிக்கு முந்தைய மாதம் கருவியை வாங்கி மாட்டியவர்கள், நாள் முழுவதும் கெண்டையைத் துரத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த மார்ச்சுக்கு உங்கள் பழைய முறையிலேயே போட்டியிடுங்கள். வெள்ளக் கட்டுப்பாட்டுக்காகக் குளிர்காலத்தில் இறக்கப்படும் கிரெனடாவின் நீர்மட்டம் வசந்தத்தில் ஏறத் தொடங்கும்போது, முட்டையிடும் காலத்தை நெருங்கும் மீன்கள் ஸ்குனா, யலபூஷா ஆகிய ஆறுகள் ஏரியில் சேரும் இரு கிளைகளின் ஆழமற்ற பகுதிகளை நோக்கி நகரும். கலங்கிய நீரில் அவை படகைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை என்பதால், மணிக்கு அரை மைல் வேகத்தில் பல கோல்களைத் தள்ளிச் செல்வது இன்றும் பலன் தருகிறது. ஒருவருக்கு எத்தனை கோல்கள், ஒரு கோலுக்கு எத்தனை முட்கள் என்பதை மாநில விதியிலும் போட்டி விதியிலும் தனித்தனியே பாருங்கள். இரண்டில் எது கடுமையானதோ அதுவே உங்களைக் கட்டுப்படுத்தும்.

தக்கைமேடு எழுதியது:

முந்தைய பதிலின் முடிவில் எனக்கு உடன்பாடில்லை. காற்று பலமாக வீசும் நாளில் அந்த அகன்ற ஏரியில் பல கோல்களின் முனைகள் அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரை நிலையாக நிற்காது. அப்போது புதர் நிழலுக்குள் ஒதுங்கி, சோனார் இல்லாவிட்டாலும் ஒற்றை நீண்ட கோலால் ஒவ்வொரு அடிமரமாக ஜிக்கை இறக்கிப் பார்ப்பதே மேல். அந்தப் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள். கிராப்பியின் வாய்த்தோல் காகிதம் போல மெல்லியது என்பதால், ஒருவர் மீனைத் தூக்கும்போது மற்றவர் கைவலையுடன் ஆயத்தமாக இருக்க வேண்டும். வலையின்றிப் படகுக்குள் தூக்கியபோது நழுவிய ஒரு மீனால் நாங்கள் ஒருமுறை இரண்டாம் இடத்தை இழந்தோம்.

ஜூன் மாதத்து இழப்புக்கு வருகிறேன். ஆழத்திலிருந்து விரைவாக மேலே வரும் மீனின் காற்றுப்பை அழுத்தக் குறைவால் உப்பிவிடும். வெதுவெதுப்பான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்தே உங்கள் மீன்களைக் கொன்றிருக்கும். மார்ச் மாதத்தில் குளிர்ந்த, ஆழமற்ற நீரில் அந்த ஆபத்து குறைவு என்றாலும், நீரேற்றும் மோட்டாரை நாள் முழுவதும் இயக்குங்கள், மீனை ஈரக்கையால் மட்டும் தொடுங்கள். இறந்த மீனை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா என்பதைப் போட்டிக்கு முந்தைய மாலைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லையென்றால், சோர்ந்த மீன் தொட்டியில் இறந்த பின் அதைவிடப் பெரியது கிடைத்தாலும் பயனில்லை. எனவே எட்டாவது மீன் வந்தவுடன், எடைபோட்டுச் சிறியதை உயிருடன் விடுவித்துவிட வேண்டும்.

ஸ்குனாகரை எழுதியது:

காற்றைப் பற்றிச் சொன்னது சரி. அதை நான் குறிப்பிடத் தவறிவிட்டேன். அளவு பற்றியும் ஒன்று: கிரெனடாவில் 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை வைத்திருக்கவே கூடாது. சந்தேகம் இருக்கும் மீனை அளவுப் பலகையில் இருவரும் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே தொட்டியில் இடுங்கள். வெற்றி பெற்றால் உண்மை கண்டறியும் கருவியின் முன் உட்காரவும் ஆயத்தமாக இருங்கள். 2022-இல் ஈரி ஏரியில் நடந்த வால்ஐ (walleye) மீன் போட்டியில் ஈயக்குண்டுகள் திணித்த மீன்கள் பிடிபட்ட பிறகு, எடை மேடைச் சோதனைகளை யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. நேர்மையாக மீன் பிடித்தவருக்கு அவை பாதுகாப்பே.

மெம்ஃபிஸ்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சோனாரை இந்த ஆண்டு வாங்கப் போவதில்லை. பல கோல்களுடன் தொடங்கி, காற்று எழுந்தால் ஸ்குனா கிளையின் புதர்களுக்குள் ஒற்றைக் கோலுடன் போவது என நண்பருடன் முடிவு செய்திருக்கிறோம். பிப்ரவரி இறுதியில் இரண்டு நாள் பயிற்சிக்கு ஏரிக்குச் செல்கிறோம். அன்றைய நீர்மட்டத்தையும் மீன் நின்ற ஆழத்தையும் வந்து இங்கே எழுதுகிறேன்.