1420 மெகாஹெர்ட்ஸ்: ஃபில்டர் போட்டும் டவர் இரைச்சல் போகவில்லை, உதவி தேவை

மொட்டைமாடி:
வணக்கம். இருப்பது பெங்களூரு அல்சூர். விண்வெளி ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ரேடியோ சிக்னலைப் பிடிக்கப் பார்க்கிறேன். பழைய கிரிட் டிஷ், அதன் குவியத்தில் டைபோல் ஆன்டெனா, எல்என்ஏ (மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), அப்புறம் எஃப்ஆர்4 என்ற சாதாரண சர்க்யூட் பலகையில் நானே செய்த ஹேர்பின் ஃபில்டர், கடைசியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி ரேடியோ டாங்கிள்). பால்வீதிப் பக்கம் திருப்பினாலும் கிராஃபில் ஹைட்ரஜன் மேடு தெரியவில்லை. எங்கெங்கோ ஸ்பைக் முளைக்கிறது, இரைச்சல் மட்டம் ஏறி இறங்குகிறது. எதிர்க் கட்டடத்தில் செல்போன் டவர். ஃபில்டரை எல்என்ஏவுக்கு முன்னால் மாற்றவா?

சால்டரிங்:
வேண்டாம். எஃப்ஆர்4 அந்த இடத்தில் 3 டெசிபெல் தின்றால், அது மட்டுமே 290 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். நீங்கள் தேடும் ஹைட்ரஜன் அடர்த்தியான இடத்திலேயே சுமார் 100 கெல்வின்தான். முதலில் எல்என்ஏவுக்கு முன்னால் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் துண்டு) போட்டுப் பாருங்கள். நிஜ சிக்னல் 10 குறையும். டவரின் பலத்த சிக்னலில் எல்என்ஏ திணறிப் பிறந்த போலி 30 வரை விழும்.

மொட்டைமாடி:
பார்த்தேன் சார், ஸ்பைக் எல்லாம் காணாமலே போய்விட்டது. அப்படியானால் எல்என்ஏ திணறியதுதான் காரணம். ஆனால் அதற்கு முன்னால் போட, இழப்பு குறைந்த காவிட்டி ஃபில்டர் வாங்க வசதியில்லை.

பழைய ஹாம்:
தம்பி, ஒரு துண்டு ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிள் போதும். 900 பேண்டில் டவர் அனுப்புவது 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை, நடு 947. 1420-ஐ 947-ஆல் வகுத்தால் ஒன்றரை. இதுதான் நம் அதிர்ஷ்டம். முனை ஷார்ட் செய்த அரை அலை நீள கேபிள் துண்டை (ஸ்டப்) T வடிவ டீ கனெக்டரில் பக்கவாட்டில் தொங்கவிட்டால், 947-இல் அது ஷார்ட், டவர் சிக்னல் அங்கேயே அடங்கும்; 1420-இல் அதே துண்டு முக்கால் அலை, அதாவது ஓப்பன், இருப்பதே தெரியாது. 1894-இல் மறுபடி ஷார்ட் என்பதால் 1800 பேண்டும் ஓரளவு அடங்கும். 2300-க்கு மட்டும் உதவாது. கேபிளின் வேகக் காரணி (ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் சிக்னல் அதில் போகிறது என்பது) 0.66 என்றால் நீளம் சுமார் 104 மில்லிமீட்டர். கனெக்டருக்குள் போவதும் இதில் சேரும்.

சால்டரிங்:
ஒன்று கவனியுங்கள், ஸ்டப் டிசி மின்சாரத்துக்கும் ஷார்ட். ஆன்டெனா பக்கம்தான் போட வேண்டும். எல்என்ஏவுக்கும் டாங்கிளுக்கும் நடுவில் போட்டால் பயஸ் டீ மின்சாரம், அதாவது அதே கேபிள் வழியாக எல்என்ஏவுக்குப் போகும் மின்சாரம், தரைக்குப் போய்விடும்.

மொட்டைமாடி:
சரி. வெட்டி வெட்டிச் சரிபார்க்க வேண்டுமா?

பழைய ஹாம்:
வேண்டாம். கேபிளைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, குண்டூசியைப் பின்னலிலிருந்து நடுக்கம்பிவரை குத்துங்கள். நானோவிஎன்ஏவில் (எந்த அலைவரிசை எவ்வளவு கடக்கிறது என்று கிராஃபாகக் காட்டும் சிறு கருவி) பள்ளம் 947-க்குக் கீழே விழுந்தால் ஊசியை டீ பக்கம் நகர்த்துங்கள். இடம் கிடைத்ததும் அங்கேயே வெட்டிச் சால்டர் வையுங்கள். ஹேர்பின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மொட்டைமாடி:
இன்று எஸ்.பி. ரோடு போய் டீ கனெக்டர் வாங்கி மாட்டினேன். பள்ளம் 949-இல். ஸ்பைக் பெரும்பாலும் போய்விட்டது, இரைச்சல் மட்டமும் ஆடவில்லை. இரவு பால்வீதியில் உள்ள சிக்னஸ் விண்மீன் குழு பக்கம் திருப்பி, கிராஃப் போடுகிறேன்.