தாத்தா 80, திருக்கடையூர்: குடும்பக் குழு

பெரியப்பா: அறைகள் சொல்லியாகிவிட்டது. கதிர் எந்த ரயிலில் வருகிறான் என்று இன்னும் தெரியவில்லை.

கதிர்: (படம்)

கதிர்: அண்ணா, இடது தோளில், ஒரு சாண் அகலம். எவ்வளவு ஆகும்?

கதிர்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நீக்குவதற்குள் பார்த்துவிட்டேன். நாக்கை நீட்டிக்கொண்டு யார் அது, காளியா?

அம்மா: கதிர்!

மீனா: பச்சை குத்தப் போகிறான். கடைக்காரருக்கு அனுப்பியது இங்கே வந்துவிட்டது.

கதிர்: காளி இல்லை அத்தை. மெக்சிகோவில் ஆஸ்டெக் மக்கள் செதுக்கிய சூரியக் கல்லின் நடுமுகம். 1790 டிசம்பரில் மெக்சிகோ நகரத்துப் பெரிய சதுக்கத்தில் தோண்டும்போது கிடைத்தது. குறுக்களவு 3.6 மீட்டர், எடை ஏறத்தாழ 24 டன். முகம் சூரியக் கடவுள் டோனாடியூ என்பார்கள், பூமித் தெய்வம் என்று வாதிடுவோரும் உண்டு. நாக்கு போலத் தெரிவது கல் கத்தி. சுற்றியுள்ள நான்கு கட்டங்கள் ஜாகுவார், காற்று, நெருப்பு மழை, வெள்ளம். முன்பு இருந்த நான்கு உலகங்களும் இவற்றால் அழிந்தனவாம். நாம் இருப்பது ஐந்தாவது, இது நிலநடுக்கத்தில் முடியும். அடுத்த வளையத்தில் 20 நாள் குறிகள். 13 எண்களோடு அவை சேர்ந்து சுழன்றால் 260 நாள். நமக்கு 60 வருடச் சுழற்சி இருப்பது போல அவர்களுக்கு 52.

பெரியப்பா: ரயில்?

சித்தப்பா: இலைக்கட்டை மாடிக்கு ஏற்றச் சொன்னால் முதுகு வலி. 24 டன்னைத் தோளில் தாங்குவானாம்.

அம்மா: பேரன்கள் சட்டையில்லாமல் கலசம் எடுக்க வேண்டும். நினைவிருக்கிறதா?

அத்தை: இரண்டு பக்கமும் கையில் ஏதோ பிடித்திருக்கிறதே?

கதிர்: மனித இதயம்.

அத்தை: முருகா.

கதிர்: பிடிக்கவில்லையென்றால் இது. (படம்) மிக்லான்டெகுட்லி, இறந்தோர் உலகத்தின் தலைவன்.

பெரியப்பா: மார்க்கண்டேயனுக்காகக் காலனை உதைத்த தலத்துக்கு எமனைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறாயா?

சித்தப்பா: அவனுக்கும் ஒரு அறை சொல்லிவிடுங்கள் அண்ணா.

கதிர்: சிரிக்காதீர்கள். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் குத்தியிருந்தார்கள். 1521இல் ஸ்பானியர்கள் ஆஸ்டெக் தலைநகரத்தைப் பிடித்து இடித்தார்கள், பிறகு இந்தக் கல்லையும் புதைத்தார்கள். புதைத்ததைத் தோலில் திரும்ப எழுதிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மெக்சிகோ வம்சாவளியினருக்கும் அப்படித்தான். கழுகு வீரன், இறகு முளைத்த பாம்பு, எல்லாமே நாங்கள் எங்கிருந்து வந்தோம் தெரியுமா என்று சொல்லும் படங்கள்.

மீனா: அவர்களுக்குச் சரி. உனக்கு?

மீனா: முழங்காலில் பிள்ளையார் குத்திக்கொண்ட வெள்ளைக்காரர் படத்தை இதே குழுவில் போட்டுக் குதித்தது யார்?

கதிர்: அது முழங்கால். இது தோள்.

மீனா: ஓகோ.

அம்மா: அதை விடுங்கள். என் அண்ணனுக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் இவன் ஒருவன்தான். பச்சை குத்தினால் ஒரு வருடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள்.

கதிர்: அதை யோசிக்கவில்லை.

அத்தை: உன் பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். கையிலிருக்கும் தேளைக் காட்டிச் சிரிக்கிறாள். ஒன்பது வயதில் ஒரு படி நெல்லுக்குக் குத்தியதாம். அன்று இரவு முழுக்கக் காய்ச்சலாம்.

சித்தப்பா: தேளுக்குக் கீழே அண்ணன் பெயரும் இருக்கும். எனக்குத்தான் கையில் இடமில்லை.

பெரியப்பா: வீட்டுப் பத்திரத்தை இங்கே ஆரம்பிக்காதே.

சித்தப்பா: நான் கையைச் சொன்னேன்.

சித்தி: சமையல்காரர் அக்காரவடிசலா, பால் பாயசமா என்று கேட்கிறார்.

அத்தை: அக்காரவடிசல்.

பெரியப்பா: பாயசம்.

கதிர்: அறுவை சிகிச்சை முடிந்த பிறகு சின்னதாக ஒரு ஓசனிச்சிட்டு? போரில் இறந்த வீரர்கள் அந்தப் பறவையாகத் திரும்பி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதயம் எதுவும் இருக்காது.

அம்மா: பிறகு பார்க்கலாம்.

மீனா: "பிறகு பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

அம்மா: நான் அப்படிச் சொல்லவில்லை.

பெரியப்பா: ரயில்??

கதிர்: சோழன். மயிலாடுதுறையில் இறங்குகிறேன்.

அத்தை: கதிர், அந்த வட்டப் படத்தை மறுபடி அனுப்பு. மண்டப வாசலில் கோலமாகப் போடலாமாம், பாட்டி கேட்கிறாள்.

பெரியப்பா: நடுவில் இருக்கும் முகத்தை எடுத்துவிட்டுப் போடச் சொல்.