கார்ப் ஹீட்டைப் பாதியில் தள்ளிவிட்டேன்

எஞ்சின் கைவிட்ட அனுபவம் எனக்கு ஒன்றுதான். கனடாவில், தெற்கு ஒன்டாரியோவில் ஓர் அக்டோபர் காலை. மழை விட்டிருந்தது, வெளியே 11 டிகிரி. செஸ்னா 152 என்ற இருவர் அமரும் சிறு விமானத்தில் நானும் பயிற்சியாளரும் தரையிலிருந்து 2,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

முதலில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்கியது. எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் தானாக நகர்ந்திருக்கும் என்று நினைத்து லேசாக முன்னே தள்ளினேன். சற்று நேரத்தில் மறுபடி இறங்கியது. அப்புறம் எஞ்சின் உதற ஆரம்பித்தது.

11 டிகிரியில் ஏது பனி என்று தோன்றும். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூட குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் போதும், பனி பிடித்துக்கொள்ளும்.

கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்தேன். உதறல் இன்னும் மோசமாகி, பேனலே நடுங்கியது. பயந்துபோய்க் குமிழைப் பழையபடி உள்ளே தள்ளிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. உருகிய பனி தண்ணீராக எஞ்சினுக்குள் போகும்போது அப்படித்தான் இருமும். கொஞ்சம் பொறுத்திருந்தால் தெளிந்திருக்கும். பயிற்சியாளர் மறுபடி இழுத்தார். ஆனால் அந்தச் சூடு வருவதே எக்ஸாஸ்ட் குழாயிலிருந்துதான். எஞ்சின் அடங்க அடங்கக் குழாயும் ஆறிவிட்டது.

"60 நாட் வேகம் பிடி, விடாதே" என்றார். கையில் இருந்தது மூன்று நிமிடம்கூட இல்லை. இடப்பக்கம் ஆளுயரச் சோளம், வலப்பக்கம் அறுவடை முடிந்த சோயா வயல். வயலைத் தேர்ந்தெடுத்துக் காற்றை எதிர்த்துத் திரும்பினோம். அவர் ரேடியோவில் "மேடே" என்று ஆபத்து அழைப்பு சொன்னார். நான் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்சர் குமிழை இழுத்து, பெட்ரோலை அடைத்தேன். தரை தொடுமுன் கதவுகளைத் திறந்து வைத்தோம். மோதி நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். சக்கரத்துக்கு அடியில் சோயாத் தட்டைகள் படபடவென்று முறிந்தன. விமானம் நின்றது. இருவருக்கும் கீறல்கூட இல்லை.

பிற்பகலில் மெக்கானிக் வந்து கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. பனி அதற்குள் உருகிப் போயிருந்தது. சாவியைப் போட்டதும் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

இப்போது ஈரமான நாட்களில் பறக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கார்ப் ஹீட்டை முழுசாக இழுக்கிறேன். முள் இறங்கி, எஞ்சின் இருமி, மறுபடி ஏறும்வரை குமிழை உள்ளே தள்ளுவதில்லை.